கட்டுமான சைட்டுக்கு ஃபோர்க்லிஃப்ட் எடுக்கப் போகிறீர்களா? டன் கணக்கைக் கடைசியில் பாருங்கள்

வாடகைக்கு விடுபவரானாலும் விற்பவரானாலும், ஃபோர்க்லிஃப்ட் வேண்டும் என்றதும் வரும் முதல் கேள்வி, "எத்தனை டன்?" நாமும் "மூணு டன் போதும்" என்று சொல்லிவிடுவோம். சிமென்ட் தரை போட்ட குடோன் என்றால் அந்தப் பதில் ஓரளவு ஓடிவிடும். மண்ணும் ஜல்லியும் சேறும் சரிவுமாகக் கிடக்கும் திறந்தவெளி சைட்டில் ஓடாது. அங்கே எந்த வண்டி என்று முடிவு செய்வது உங்கள் சரக்கும் உங்கள் தரையும்தான். டன் அதற்கப்புறம் தானாக வந்து விழும்.

எங்கள் சைட்டுக்கு வண்டி தேடி அலைந்தபோது இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் எஞ்சினைப் பற்றியே பேசினார். இன்னொருவர் விலையைத் தாண்டி வரவில்லை. வண்டியின் கையேட்டைக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு சார், ஆபரேட்டருக்குத் தெரியும்" என்றார்கள். முதல் முறை எடுக்கிறவர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். படிகளின் வரிசை முக்கியம். மூன்றாவது படியை முடிக்காமல் விலை பேசப் போகாதீர்கள்.

1. சரக்குப் பட்டியல் போடுங்கள்

சைட்டுக்கு வரப்போகும் ஒவ்வொரு சரக்குக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: எடை, ஃபோர்க் நுழையும் திசையில் அதன் நீளம், எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும், ஒரு நாளில் எத்தனை முறை. பெரும்பாலானவர்கள் எடையோடு நிறுத்திவிடுகிறார்கள். பிற்பாடு தொந்தரவு கொடுப்பதோ நீளமும் உயரமும்தான்.

எடையைக் கண் அளவில் போடாதீர்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டை நாற்பது அடுக்கிய பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) 2,000 கிலோ, பேலட்டின் சொந்த எடை தனி. செங்கலும் பிளாக்கும் மழையில் ஊறினால் கனம் கூடும். மணல் நிரப்பிய ஜம்போ பை, ஈர மணல் என்றால் இன்னொரு கதை. டெலிவரி சலானில் எடை போட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் லாரியை எடை மேடையில் ஏற்றி, காலி லாரியின் எடையைக் கழித்து, பேலட் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள்.

பட்டியலில் இரண்டு வகைச் சரக்கைத் தனியாகச் சுழித்து வைக்க வேண்டும். முதலாவது, 12 மீட்டர் கம்பிக் கட்டு மாதிரி நீளமானவை. முன்பக்கம் ஃபோர்க் உள்ள வண்டியில் அதைக் குறுக்காகத் தூக்கினால், அந்த நிமிடம் முதல் உங்கள் வண்டியின் அகலம் 12 மீட்டர். கேட்டில் நுழையாது, இரண்டு முனையும் துள்ளும், பக்கத்தில் நிற்பவரை அடிக்கும். அதைக் கிரேனுக்கோ, பக்கவாட்டில் தூக்கும் சைடு லோடருக்கோ விட்டுவிடுங்கள். இரண்டாவது, திட்டம் முழுவதிலும் ஒரே ஒரு முறை வரும் பெரிய ஜெனரேட்டர் போன்ற ராட்சசச் சரக்கு. அந்த ஒரு நாளுக்காகப் பெரிய வண்டியை மாதக்கணக்கில் கட்டி மேய்க்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு கிரேன் கூப்பிட்டால் முடிந்தது. இந்த இரண்டையும் அடித்த பிறகு மிஞ்சும் பட்டியலுக்குத்தான் வண்டி.

2. டேட்டா பிளேட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது. டேட்டா பிளேட் என்பது வண்டியில் பதித்திருக்கும், தூக்கும் திறன் பொறித்த தகடு. வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக ஒட்டியிருக்கும் 3.0 என்ற எண், சில நிபந்தனைகளுக்குள் மட்டும் உண்மை. சரக்கின் எடை மையம் ஃபோர்க்கின் நிமிர்ந்த முகப்பிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் இருந்தால் மட்டுமே அந்த எடையைத் தூக்கலாம். இதைத்தான் லோடு சென்டர் என்பார்கள். 5 டன்னுக்குக் கீழுள்ள வண்டிகளுக்குப் பொதுவாக 500 மில்லிமீட்டர், 5 முதல் 10 டன் வரை 600 மில்லிமீட்டர் என்று கணக்கிடுவார்கள். 500 என்றால், ஒரு மீட்டர் நீளமுள்ள, எடை சீராகப் பரவிய சரக்கு. உங்கள் சரக்கு அதைவிட நீளம் என்றால் மையம் வெளியே நகரும், தூக்கும் திறன் இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது. முன் அச்சின் நடுவிலிருந்து ஃபோர்க் முகப்பு வரையுள்ள தூரத்தை வண்டியின் விவரத் தாளில் பாருங்கள். அது 480 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3,000 கிலோவை 480 + 500 = 980ஆல் பெருக்கி, 480 கூட்டல் உங்கள் சரக்கின் பாதி நீளத்தால் வகுக்க வேண்டும். 1.6 மீட்டர் நீளச் சரக்கு என்றால் 480 + 800 = 1,280. விடை ஏறக்குறைய 2,300 கிலோ. 2.44 மீட்டர் ஷட்டரிங் பிளைவுட் கட்டை நீளவாக்கில் தூக்கினால் சுமார் 1,730 கிலோ. மூன்று டன் வண்டி எங்கே போயிற்று பாருங்கள்!

இந்தக் கணக்கு விலை பேசுவதற்கு முன் நீங்களே ஒரு முடிவுக்கு வருவதற்கு மட்டும். வேலை செய்யும்போது பிளேட்டில் உள்ள எண்தான் எண். ஏனென்றால் உயரம் கூடக் கூடவும் திறன் குறையும், ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டமான மாஸ்ட் மூன்று அடுக்காக இருந்தால் அதன் கூடுதல் எடை கொஞ்சம் தின்னும், ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் சைடு ஷிப்ட் போன்ற அட்டாச்மென்ட் (கூடுதலாக மாட்டும் கருவி) இன்னும் கொஞ்சம் தின்னும். நான் பார்க்கப் போன பழைய வண்டி ஒன்றில் பிளேட்டின் மேலேயே மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். தின்னர் நனைத்த துணியால் தேய்த்த பிறகு பொறித்த எழுத்து தெரிந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 3.0, பிளேட்டில், மாஸ்ட் முழு உயரத்தில் இருக்கும்போது 2,250 கிலோ. விற்பவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நாம் கேட்கவில்லை என்றால் அவரும் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்த மாஸ்ட், இந்த அட்டாச்மென்ட்டோடு, இவ்வளவு மில்லிமீட்டர் லோடு சென்டரில், இவ்வளவு உயரத்தில் எத்தனை கிலோ? எழுத்தில் கொடுங்கள்." பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால் அந்த வண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஃபோர்க்கின் நீளம் சரக்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் முன்பக்கம் சரிந்து விழும். ஃபோர்க்கின் மேல் நீட்டுக் குழாய் மாட்டினால் நீளம் கூடும், திறன் கூடாது. பின்னால் கூடுதல் எடை கட்டியோ ஆட்களை உட்கார வைத்தோ சமாளிப்பதை சைட்டுகளில் பார்த்திருப்பீர்கள். அது வண்டி கவிழ்வதற்கான ஏற்பாடு.

3. தரையை நடந்து பாருங்கள்

சரக்கு லாரி நிற்கும் இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை வண்டி போகும் பாதை முழுவதையும், கையில் டேப்பும் கம்பியும் வைத்துக்கொண்டு நடங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் நடங்கள். காய்ந்த நாளில் எல்லாத் தரையும் நல்ல தரைதான்.

பார்க்க வேண்டியது முதலில் தரை தாங்குமா என்பது. 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடை 4.4 டன் அளவுக்கு வரும். முழுச் சரக்கோடு 7.4 டன். அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை முன் அச்சில் இறங்குகிறது. ஒற்றை டயர் என்றால் ஒவ்வொரு முன் சக்கரத்தின் அடியிலும் 3 டன்னுக்கு மேல். சமீபத்தில் மண் போட்டு மூடிய பள்ளம், செப்டிக் டேங்க் மூடி, மேன்ஹோல், கீழே தளம் உள்ள கான்கிரீட் ஸ்லாப் எல்லாம் இந்த எண்ணுக்கு முன்னால் நிற்குமா? ஸ்லாப் மேல் வண்டி ஏறப்போகிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளரிடம் இந்தச் சக்கரச் சுமையைக் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். "தாங்கும் சார்" என்று மேஸ்திரி சொல்வது ஒப்புதல் ஆகாது. பள்ளத்தின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓட வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக் கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது சரிவு. விவரத் தாளில் ஏறும் திறன் சதவீதத்தில் இருக்கும், நாம் அதை டிகிரி என்று நினைத்துக்கொள்வோம். 20 சதவீதம் என்றால் 5 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம், டிகிரியில் 11.3தான். சரக்கோடு ஏறும் திறனும் காலியாக ஏறும் திறனும் வேறு வேறு எண்கள், இரண்டையும் கேளுங்கள். அதைவிட முக்கியம் பக்கவாட்டுச் சரிவு. முன் சக்கரம் இரண்டும், பின் அச்சின் நடுவில் அது ஊசலாடும் சுழல்முனையும் சேர்ந்த முக்கோணத்துக்குள் எடை மையம் இருக்கும் வரைதான் வண்டி நிற்கும். சரக்கை உயர்த்திக்கொண்டு சரிவின் குறுக்கே போனால் அந்த மையம் எளிதாக வெளியே போய்விடும். பிளேட்டில் உள்ள எண் எல்லாமே சமமான, உறுதியான தரைக்குச் சொன்னது. உங்கள் பாதையில் குறுக்குச் சரிவு இருந்தால் பெரிய வண்டி வாங்குவதைவிட ஜல்லி கொட்டி உருட்டிச் சமப்படுத்துவது மலிவு. இதைச் சொன்னால் விற்பவர்களுக்குப் பிடிப்பதில்லை.

அப்புறம் அகலமும் உயரமும். திருப்பங்களில் வண்டியின் நீளத்தோடு சரக்கின் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். தலைக்கு மேல் மின்கம்பி இருந்தால் அதன் உயரத்தைத் தொடாமல் அளக்கும் கருவியால் அளக்க வேண்டும், டேப்பை உயர்த்திப் பார்க்கக் கூடாது.

4. எந்த வகை வண்டி

பட்டியலும் தரையும் கையில் இருந்தால் இது சீக்கிரம் முடியும்.

கற்கள் பதித்த யார்டு, தார் போட்ட பாதை, இறுகிய ஜல்லித் தரை என்றால், காற்று டயர் போட்ட சாதாரண கவுண்டர்பேலன்ஸ் ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் தூக்கும் சரக்கைப் பின்பக்க எடையால் ஈடுகட்டும் வண்டி) போதும். ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். இரும்பு வளையத்தில் கெட்டி ரப்பர் பட்டை அழுத்திய குஷன் டயர் வண்டியை மட்டும் வெளியே கொண்டுவராதீர்கள். அது குடோனுக்குள் ஓடப் பிறந்தது. ஜல்லியில் ஏறினாலே மாட்டிக்கொள்ளும்.

சேறு, மேடுபள்ளம், இறுகாத மண் என்றால் ரஃப் டெரெய்ன் ஃபோர்க்லிஃப்ட். பெரிய முன் டயர், தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி, நான்கு சக்கர இயக்கம். மாஸ்ட் வழக்கம்போல் நேராகத்தான் இருக்கும், ஆகையால் பழக்கமான ஆபரேட்டர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். இரண்டு சக்கர இயக்கத்தில் வருவதும் உண்டு, விலை குறைவு. மழைக்காலத்திலும் வேலை நடக்கும் சைட்டுக்கு அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சாரத்துக்கு மேல், சுவரைத் தாண்டி உள்ளே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் என்று எட்டி வைக்க வேண்டிய வேலை இருந்தால் டெலிஹேண்ட்லர், அதாவது பூம் என்ற நீளும் கையின் முனையில் ஃபோர்க் உள்ள வண்டி. இதில் பெயருக்கு முன்னால் இருக்கும் டன் இன்னும் அதிகமாக ஏமாற்றும். 4 டன், 17 மீட்டர் என்று விற்கும் வண்டி, 4 டன்னைத் தன் மூக்குக்கு அருகில் மட்டுமே தூக்கும். பூமை முழுவதும் முன்னால் நீட்டினால் சில நூறு கிலோதான். எந்தத் தூரத்தில், எந்த உயரத்தில் எத்தனை கிலோ என்று காட்டும், கேபினுக்குள் இருக்கும் லோடு சார்ட்டில் உங்கள் சரக்கு விழும் புள்ளியைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஸ்டெபிலைசர் காலை ஊன்றிய சார்ட்டா, ஊன்றாத சார்ட்டா என்பதையும் பாருங்கள், இரண்டும் வேறு. பிளைவுட், ஷீட் மாதிரி காற்றுப் பிடிக்கும் சரக்குக்கு எந்தக் காற்று வேகத்தில் வேலையை நிறுத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கும்.

ஒரே வண்டியில் எல்லா வேலையும் முடிக்கும் ஆசைதான் செலவை ஏற்றுகிறது. தினமும் இருபது பேலட் லாரியிலிருந்து இறக்குவதும், மாதத்தில் இரண்டு நாள் நாலாவது மாடிக்கு ஏற்றுவதும் உங்கள் வேலை என்றால், முதல் வேலைக்கு வண்டி எடுங்கள், இரண்டாவதற்கு அந்த இரண்டு நாள் டெலிஹேண்ட்லரை வாடகைக்குக் கூப்பிடுங்கள்.

5. டயர், எஞ்சின், பிரேக்

டயர் சின்ன விஷயமாகத் தெரியும். ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் சிதறிக் கிடக்கும் சைட்டில் காற்று டயர் வாரம் ஒரு முறை பஞ்சராகும். ஒவ்வொரு பஞ்சருக்கும் வண்டி அரை நாள் நிற்கும். காற்று டயர் வடிவிலேயே வரும் கெட்டி ரப்பர் டயருக்குப் பஞ்சர் கிடையாது. ஆனால் விலை அதிகம், குலுக்கல் அதிகம், இளகிய மண்ணில் புதையும். ஃபோம் அடைத்த டயர் நடுவழி. அதனால் வண்டியின் எடை கூடுவதை 3வது படியில் போட்ட கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேறு அதிகமென்றால் காற்று டயர், கம்பித் துண்டு அதிகமென்றால் கெட்டி டயர் என்பது என் கணக்கு.

திறந்தவெளி வேலைக்கு இன்னும் டீசல்தான் வழக்கம். புதிய டீசல் வண்டி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவின் ஸ்டேஜ் 5, அமெரிக்காவின் டியர் 4 ஃபைனல் போன்ற மாசு விதிகளுக்கு ஏற்ற எஞ்சின்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் ஐட்லிங்கில் நிற்கும் வேலையில் எஞ்சின் போதுமான சூட்டுக்கே வராது. விளக்கு எரியும், ஆபரேட்டர் கண்டுகொள்ள மாட்டார், ஒரு நாள் வண்டி நகராது. கந்தகம் மிகக் குறைந்த டீசல் கிடைக்காத இடம் என்றால் இந்த எஞ்சினை எடுக்கவே கூடாது. புகையின் மாசைக் குறைக்க டெஃப் என்ற யூரியா திரவம் ஊற்றும் வகையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை வாங்கி வைப்பதும் உங்கள் வேலை.

மின்சார வண்டிகள் இப்போது திறந்தவெளிக்கும் வருகின்றன. மழை தாங்கும் பாதுகாப்புத் தரம் எழுத்தில் இருக்கிறதா, சைட்டில் சார்ஜருக்குப் போதிய மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் ஜெனரேட்டர் வைத்து மின்சார ஃபோர்க்லிஃப்ட்டை சார்ஜ் செய்யும் கூத்து வேண்டாம்.

பிரேக் பற்றி ஒரு வரி: சேற்றில் ஓடும் வண்டிக்கு எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் பிரேக் நல்லது. டிரம் பிரேக்குக்குள் மண் புகுந்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

6. வாடகையா, சொந்தமா

வாங்கும் விலையை மாத வாடகையால் வகுத்து, இத்தனை மாதத்தில் விலை வந்துவிடும் என்று கணக்குப் போடுவது எல்லோரும் செய்வது. அந்தக் கணக்கு எப்போதும் வாங்கச் சொல்லும். சரியான கணக்கு மணிக்கு எவ்வளவு என்பது. வாங்கும் விலையிலிருந்து திரும்ப விற்கும் விலையைக் கழியுங்கள். அதோடு வட்டி, காப்பீடு, சர்வீஸ், டயர், ஆண்டுப் பரிசோதனை, சைட் மாற்றும் டிரெய்லர் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்தத்தை, வண்டி உண்மையில் வேலை செய்யப்போகும் மணிகளால் வகுங்கள். நின்றுகொண்டிருக்கும் மணிகள் வகுத்தியில் வராது. டீசலும் ஆபரேட்டர் சம்பளமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்றால் விட்டுவிடலாம்.

வாடகை என்றால் ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடிப் பாருங்கள். மாதம் என்பது 28 நாளா, காலண்டர் மாதமா? 28 நாள் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பில்லுக்குப் பதில் பதின்மூன்று. மாதத்துக்கு எத்தனை மணி வரை அந்த வாடகை, அதைத் தாண்டினால் மணிக்கு என்ன? கொண்டுவந்து இறக்கவும் திரும்ப எடுக்கவும் யார் செலவு? வண்டி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், மாற்று வண்டி உண்டா, நிற்கும் நாளுக்கு வாடகை ஓடுமா? வேலை முடிந்ததாக நாம் தெரிவித்த நாளோடு வாடகை நிற்குமா, அவர்கள் வந்து எடுத்துப்போகும் நாள் வரை ஓடுமா? கடைசியில் சொன்னதை எழுதாமல் விட்டதால், வேலையில்லாமல் ஓரமாக நின்ற வண்டிக்கு ஒரு வாரத்துக்கும் மேல் வாடகை கட்டிய சைட் எனக்குத் தெரியும்.

சேதக் காப்பு என்று தனியாக ஒரு தொகை வாங்குவார்கள். அதில் டயர், கண்ணாடி, ஃபோர்க், ஆபரேட்டர் கவனக்குறைவு ஆகியவை சேராது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். எங்களுக்கு வந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது நான்கு டயருக்கும் பில் போட்டார்கள். வண்டி வந்த அன்று டயரின் ஒவ்வொரு வெட்டையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து அவர்களுக்கே அனுப்பியிருந்ததால் பில் இரண்டு டயராகச் சுருங்கியது. அந்த இரண்டும் நாங்கள் கிழித்ததுதான்.

7. கையில் வாங்க வேண்டிய ஆவணங்கள்

முன்பணம் கொடுப்பதற்கு முன், இவற்றின் நகல் வேண்டும்:

- டேட்டா பிளேட்டின் தெளிவான போட்டோ. அட்டாச்மென்ட் மாட்டியிருந்தால் அதற்கேற்பத் தயாரிப்பாளர் கொடுத்த திருத்திய பிளேட்.
- தயாரிப்பாளரின் இணக்கச் சான்று. சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஐஎஸ்ஓ 3691-1 என்ற தரத்தின் பெயரைப் பார்ப்பீர்கள்.
- கடைசிப் பரிசோதனை அறிக்கை. தகுதியுள்ள ஒருவர் ஆண்டுக்கொரு முறையாவது சோதிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். பிரிட்டனில் ஆட்களைத் தூக்கும் வேலைக்குப் பயன்படுத்தினால் அது ஆறு மாதம்.
- சர்வீஸ் பதிவு, ஆபரேட்டர் கையேடு, உதிரிபாகப் பட்டியல்.
- உரிமை ஆவணம். கடன் நிலுவை இல்லை என்பதற்கான கடிதம், இறக்குமதி வண்டி என்றால் சுங்கத் தாள்.
- காப்பீடு. சைட்டுக்குள் மட்டுமா, பொதுச் சாலையைக் கடந்தால் செல்லுமா என்று பாருங்கள். கடக்க வேண்டுமென்றால் பதிவு எண்ணும் வேண்டியிருக்கும்.
- ஆபரேட்டரின் பயிற்சிச் சான்று.

அறிக்கையில் உள்ள சீரியல் எண், பிளேட்டில் உள்ள எண், சேஸியில் பொறித்த எண், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வண்டியின் அறிக்கையை நீட்டுவது புதிதல்ல.

ஆபரேட்டர் சான்று விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் சான்று வைத்திருப்பவர் டெலிஹேண்ட்லர் ஓட்டத் தகுதியானவர் ஆகிவிட மாட்டார். பெரும்பாலான இடங்களில் அது தனிப் பிரிவு. அமெரிக்க விதிப்படி ஆபரேட்டரின் திறமையை மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி மதிப்பிட வேண்டும். உங்கள் ஊர் விதி எதுவானாலும் சான்றின் காலாவதித் தேதியைத் திட்டம் முடியும் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. பழைய வண்டி என்றால்

எஞ்சினை முந்திய இரவிலிருந்து ஓட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் தரும் முதல் புகை நிறையச் சொல்லும். நீலம் விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது.

அடுத்தது ஃபோர்க்கின் குதிகால், அதாவது கிடைமட்டமும் நிமிர்ந்ததும் சேரும் வளைவு. வெர்னியரால் அளந்து, தேயாத நிமிர்ந்த பகுதியின் கனத்தோடு ஒப்பிடுங்கள். 10 சதவீதம் தேய்ந்திருந்தால் ஃபோர்க் மாற்ற வேண்டும். 10தானே என்று தோன்றும், தூக்கும் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதில் போய்விடுகிறது. அதில் வெல்டிங் தடம் தெரிந்தால் பேச்சே வேண்டாம். மாஸ்ட் செயினுக்கு 3 சதவீத நீட்சி எல்லை.

பிறகு பிளேட்டில் உள்ள முழு எடைச் சரக்கைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். யாரும் கீழே நிற்கக் கூடாது. மாஸ்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு இறக்கத்தை அளங்கள். பத்து நிமிடத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. விற்பவர் பொறுமையிழப்பார், டீ சாப்பிடப் போகலாமா என்பார். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மணி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். 2,000 மணி என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, சீட் கிழிந்து, ஸ்டியரிங் குமிழ் மின்னினால், மீட்டர் மாறியிருக்கிறது.

9. காலக் கணக்கு

சரக்கு இறங்கத் தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புதிய வண்டி கையிருப்பில் இல்லையென்றால் மாதங்கள் ஆகலாம், சிறப்பு மாஸ்ட் அல்லது அட்டாச்மென்ட் கேட்டால் இன்னும் கூடும். பெரும்பாலும் வண்டி வந்துவிடும், திருத்திய பிளேட் வராது. அது இல்லாமல் வேலை தொடங்க முடியாது. ஆகவே கடைசித் தவணையைப் பிளேட் வந்த பிறகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆபரேட்டர் பயிற்சிக்கும் காப்பீட்டுக்கும் முன்கூட்டியே நாள் ஒதுக்குங்கள். தரையைச் சமப்படுத்தி உருட்டும் வேலை வண்டி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். லோபெட் டிரெய்லர் வர அனுமதியோ குறிப்பிட்ட நேரமோ தேவைப்படும் சாலை என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. வண்டி வந்து இறங்கும் நாள்

கையெழுத்துப் போடுவதற்கு முன் சீரியல் எண், மணி மீட்டர், டயர், கண்ணாடி, ஃபோர்க் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஹார்ன், ரிவர்ஸ் அலாரம், விளக்கு, சீட் பெல்ட், ஹேண்ட்பிரேக் ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு பாதை முழுவதும் நடந்து, மூடிய பள்ளம் எங்கே, கம்பி எங்கே என்று காட்டுங்கள். சரக்கோடு சரிவில் போகும்போது சரக்கு மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது இறங்கும்போது ரிவர்ஸ். வண்டி கவிழ்ந்தால் குதிக்கக் கூடாது. பெல்ட்டோடு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். குதித்தவர்கள்தான் மேற்கூரைக் கம்பியின் அடியில் சிக்குகிறார்கள்.

கையேட்டில் முதல் சர்வீஸ் எத்தனை மணியில் என்று பாருங்கள். சில வண்டிகளுக்கு 50, சிலவற்றுக்கு 100 மணி, பிறகு பெரும்பாலும் 250 மணிக்கு ஒரு முறை. வீல் நட்டுகளைத் தொடக்கத்திலேயே டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கச் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் தேதி, மணி மீட்டர் எண், செய்தவர் கையெழுத்தோடு தாளில் எழுதி வையுங்கள். வாரன்டி கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.